நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டு

இருபத்தாறு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். ஏன் இன்னும் ஒழுகுகிறது என்று கேட்டு என்னைத் திட்டியவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். ஏன் ஒழுகவில்லை என்று கேட்டு நோட்டீஸ் அனுப்பியது இழந்த காதல் இசைக் கழகம் மட்டும்தான்.

அந்தக் கழகத்தைப் பற்றித் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காதலித்து, கைவிடப்பட்டு, அந்தக் கதையை மெல்லிய குரலில் பதினோரு பாட்டாகப் பாடி ஆல்பம் வெளியிட நினைக்கிறவர்கள் அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பெரிய கம்பெனிகளின் கெடுபிடி பிடிக்காமல் சுதந்திரமாகப் பாட வந்தவர்களுக்காகத் தொடங்கியதாம். சுதந்திரமாகப் பாடுவதற்கு அங்கே நூற்றுப்பதினான்கு விதிகள் இருக்கின்றன. அதைப் புத்தகமாகத் தைத்து வாசலில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

என்னைக் கூப்பிட்டது கழகம் அல்ல, அதன் காவலாளி.

"ரெண்டாவது மாடியில ஒரு குழாய் ஒழுகுதுப்பா. அந்தத் தண்ணி சுவத்துக்குள்ள இறங்கி, சரியா என் நாற்காலிக்கு மேல வந்து சொட்டுது. நாலு மாசமா தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். வர்றவங்கல்லாம் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு துக்கம் விசாரிக்கிறாங்க" என்றார் போனில்.

போனேன். ஒலிப்பதிவு அறைக்கு வெளியே, நடைபாதையில், ஒரு கை கழுவும் தொட்டி. அதன் குழாயில் வாஷர் தேய்ந்துபோயிருந்தது. கழற்றி, புது வாஷர் போட்டு, இறுக்கி, பழைய வாஷரைக் குப்பைக் கூடையில் எறிந்தேன். பத்து நிமிட வேலை. அறைக் கதவிலிருந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபோது ஒரு இளம்பெண் மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அடித்த வெயிலில் என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது; அவள் கழுத்து வரைக்கும் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணியில் நின்று, தோட்டத்து ரப்பர் குழாயால் கண்ணாடிமேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மழையாம். எனக்கென்ன, தண்ணீர் வேலை செய்கிற இன்னொரு ஆள் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் வந்தது. 'தங்களால் எமது படைப்பின் ஆன்மா பழுதுபார்க்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தது. பழுதுபார்ப்பது ஒரு குற்றச்சாட்டு என்று புரிந்துகொள்ள அதை இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. கடைசி வரியை மட்டும் மூன்றாம் தடவையும் படித்தேன். நோட்டீஸின் நகல் குடிநீர் அலுவலகத்துக்குப் போயிருந்தது. என் தொழில் உரிமத்தை அந்த மாதக் கடைசிக்குள் புதுப்பிக்க வேண்டும். ஒரு புகார் நிலுவையில் இருந்தாலும் புதுப்பிக்க மாட்டார்கள். உரிமம் போனால் இந்த ஊரில் ஒரு வால்வைக்கூட நான் தொட முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. பதினைந்து நாளில் பழைய ஒழுகலை 'முந்தைய தரத்துடன்' மீட்டுத் தர வேண்டும் என்பது கழகத்தின் நிபந்தனை.

விசாரணை அறையில் விளக்கு மங்கலாக எரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் இயக்குநர், வலது பக்கம் துயர ஆய்வாளர் அம்மாள், இடது பக்கம் காதில் பெரிய கருவியை மாட்டியிருந்த ஒலிப்பதிவாளர். அங்கே யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. காதோடு காதாகத்தான் பேச்சு. சத்தமாகப் பேசினால் சோகம் கலைந்துவிடுமாம்.

"கேளுங்க" என்று இயக்குநர் முனகினார். ஒலிப்பதிவாளர் ஒரு பாட்டை ஓடவிட்டார். அந்தப் பெண்ணின் குரல், ஒரு பழைய பியானோ, பின்னால் எங்கேயோ டப்... டப்... டப்.

"இது அந்தப் பொண்ணோட போன ஆல்பம். ஒவ்வொரு சொட்டும் போடாம விட்ட ஒரு கடிதம்னு விமர்சகர்கள் எழுதினாங்க. ரெண்டு பேர் அதை வச்சு ஆராய்ச்சியே பண்ணிட்டாங்க. நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு சொட்டு. மெட்டே அதுக்கு ஏத்தாப்பலதான் போடுறோம். இப்ப புது ஆல்பத்துல ஏழு பாட்டு முடிஞ்சிருக்கு. எட்டாவது பாட்டுல திடீர்னு நிசப்தம்."

"ஐயா, அது வாஷர் தேஞ்ச சத்தம்" என்றேன்.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். "எல்லாருக்குள்ளயும் ஏதோ ஒண்ணு தேஞ்சுதான் போயிருக்கு."

ஆளை விட்டால் போதும் என்று இருந்தது எனக்கு. பழைய வாஷர் கிடைத்தால் ஐந்து நிமிடத்தில் மாட்டித் தருகிறேன், எங்கே அந்தக் குப்பைக் கூடை என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாஷர் கிடைத்துவிட்டதாம். கீழே வரவேற்பறையில் இருக்கிறதாம். அவர்களோடு போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு வெல்வெட் மேல், ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில், நான் எறிந்த ரப்பர் வாஷர். பக்கத்தில் ஒரு அட்டையில் அது தேய்ந்த வருடங்களைக் குறித்திருந்தார்கள். சுற்றிலும் கயிறு.

"எடுத்துக் குடுங்க, மாட்டிடலாம்."

"அது விதி அறுபத்தொண்ணு படி ஆவணம்" என்றார் ஆய்வாளர் அம்மாள். "தொடக் கூடாது."

"அதைத் தொடாம பழைய ஒழுகல் எப்படிங்க வரும்?"

"அதுதான் உங்க மேல இருக்கிற குற்றச்சாட்டே."

சரி, தலையெழுத்து என்று ஸ்பேனரை எடுத்தேன். முதல் நாள் குழாயைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்து வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, நிமிடத்துக்கு நாற்பத்திரண்டு சொட்டில் நிறுத்திவிட்டு அவர்களைக் கூப்பிட்டேன். மூவரும் தொட்டியைச் சுற்றி நின்று கால் மணி நேரம் கேட்டார்கள். ஒலிப்பதிவாளர் தலையாட்டினார். ஆய்வாளர் அம்மாள் ஆட்டவில்லை.

"இது ஒழுகல் இல்ல, திறப்பு. குழாய் தானா விருப்பப்பட்டுச் சொட்டுது. இழப்புன்னா விருப்பம் இல்லாம வரணும்."

இரண்டாம் நாள் புது வாஷரைப் பிளேடால் செதுக்கிப் போட்டேன். ஒழுகியது. அருமையாக ஒழுகியது. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குழாய் ஒழுகுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது. இயக்குநர் இரண்டு விரலை நீட்டி ஒரு சொட்டை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"நடிப்பு" என்றார். "தேயறதுக்கு வருஷக்கணக்கு ஆகணும். இது நேத்து பட்ட காயம். இதை வச்சு ஒரு பாட்டு பண்ணலாம். ஆல்பம் பண்ண முடியாது."

அப்புறம் மூவரும் உள்ளே போய் ஒரு மணி நேரம் கூட்டம் போட்டார்கள். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பாடகி மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, திங்க ஏதாவது இருக்கா?"

பையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது, கொடுத்தேன். ஒரே மூச்சில் பாதியைக் காலி செய்தாள். பதிவு நாளில் சாப்பிட்டால் குரலில் நிறைவு வந்துவிடும் என்று சாப்பாடு போடுவதில்லையாம்.

"அந்த ஸ்வெட்டரையாவது கழட்டி வைக்கக் கூடாதாம்மா?"

"ஆல்பம் முடியற வரைக்கும் கழட்டக் கூடாதுண்ணே. இது அவன் விட்டுட்டுப் போனதுன்னு கணக்கு. உண்மையில இவங்கதான் தச்சுக் குடுத்தாங்க."

"யாரும்மா அவன்?"

அவள் பிஸ்கட்டை மென்றபடி யோசித்தாள். "முகமே மறந்துபோச்சுண்ணே. இதோட மூணு ஆல்பம் ஆச்சுல்ல. போன வாரம் பஸ்ல ஒருத்தன் என்னைப் பார்த்து எப்படி இருக்கேன்னு கேட்டான். அவனாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். நீங்க சீக்கிரம் அந்தக் குழாயை ஒழுக வச்சீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன்."

கூட்டம் முடிந்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். தவறு குழாயில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

"நிறைவான கை" என்றார் இயக்குநர், வியாதியின் பேரைச் சொல்வதுபோல. "கல்யாணம் ஆகி எத்தனை வருஷம்?"

"பத்தொம்பது."

"சண்டை?"

"தினமும்."

"அப்புறம்?"

"அப்புறம் சாப்பிடுவோம்."

ஆய்வாளர் அம்மாள் வருத்தத்துடன் குறித்துக்கொண்டார். இயக்குநர் என் பக்கம் சாய்ந்தார். "நான் என்னையே உதாரணமா சொல்றேன். நானும் ஒருத்தங்களை இழந்தவன்தான். அவங்க இப்ப நம்ம கழகத்துலயே, மூணாவது மாடியில, கோப்புப் பிரிவுல வேலை பார்க்கிறாங்க. லிஃப்ட்ல பார்த்தா ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்குவோம். அவங்க லீவு லெட்டர் என்கிட்டதான் வரும். கையெழுத்துப் போடலாம்னு பேனாவை எடுத்தா அப்படி ஒரு வலி. பதினோரு வருஷமா அவங்களுக்கு நான் லீவே குடுத்ததில்ல. அந்த வலிதான் இந்தக் கழகத்தை நடத்துது."

மூன்றாவது மாடியில் இருக்கும் அந்த அம்மாளை எது நடத்துகிறது என்று கேட்க நினைத்தேன். உரிமம் ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். கையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் நான் இழந்த காதலை அதில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அது ஏற்கப்பட்டால் என் கை தகுதி பெறும்.

வீட்டில் என் மனைவி சமையலறையில் நின்றிருந்தாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறாள். இருபது வண்டிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். வீட்டிலும் அதே அளவுதான். படிவத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"உங்களை யாருங்க விட்டுட்டுப் போவா? முதல்ல யாரு பிடிச்சா?"

"சிரிக்காத. உரிமம் போயிடும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இருவருமாக என் இளமைக் காலத்தைச் சல்லடை போட்டுத் தேடினோம். கடைசியில் ஒரு நோட்டுப் புத்தகக் கடைப் பெண் அகப்பட்டாள். எனக்கு இருபது வயதிருக்கும்போது அந்தக் கடையில் குழாய் மாட்டப் போனேன். அவள் என்னிடம், "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். வேண்டும் என்று சொல்லியிருக்கலாமோ என்று அப்புறம் இரண்டு நாள் நினைத்தேன். அவ்வளவுதான் என் சரித்திரம்.

"எழுதுங்க. ரெண்டு நாள்ங்கறதை ரெண்டு வருஷம்னு போடுங்க" என்றாள்.

படிவத்தில் ஒரு இடத்தில் தடுமாறிவிட்டேன். 'பிரிவின்போது வானிலை' என்று ஒரு கேள்வி. மழை, தூறல், மழை வரும்போல, பனி. நான்கு கட்டங்கள்தான். வெயில் என்று கட்டமே இல்லை. தூறலில் ஒரு டிக் போட்டேன்.

ஆய்வாளர் அம்மாள் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டீ தரமா இருக்கு. ஆனா இழப்பு போதாது." பிறகு, பெரிய மனதோடு தீர்வு சொல்வதுபோல, இன்னொரு தாளை நகர்த்தினார். கழகத்தின் நலன் கருதி என் மனைவி என்னை விட்டுப் பிரிந்து ஆறு வாரம் வேறு இடத்தில் இருப்பதற்கான ஒப்பந்தம். முதல் வாரம் முடிந்ததுமே என் கையில் மாற்றம் தெரியும் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்களாம். உரிமத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மனைவியின் கையெழுத்துக்காக அவளையும் நேரில் வரச் சொன்னார்கள்.

வந்தாள். வேலையிலிருந்து நேராக, சீருடையோடு வந்தாள். வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் குழாயை ரிப்பேர் பண்ணது தப்புன்னா, நீங்கல்லாம் எதுக்குங்க கை கழுவறீங்க?" என்று தொடங்கினாள். ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தார். அவருடைய மேசையிலிருந்த ஒலிப்பதிவுப் பெட்டியின் முள் சிவப்புக் கோட்டுக்கு எகிறிவிட்டது. உடனே பெட்டியை அணைத்தார்.

"அம்மா, மெதுவா" என்றார் இயக்குநர். "நாங்க ஒரு புனிதமான வேலை பண்றோம். ஜனங்க சந்தோஷமா இருந்துட்டா எங்க நிலைமை என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு இழப்புன்னா என்னன்னு தெரியாது. அதான் கோபம் வருது."

என் மனைவி எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வருடத்தில் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"தெரியும்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஒருத்தர் தினமும் நாலாம் நம்பர் வண்டியில வருவாரு. பேசிக்குவோம். ரெண்டு வருஷம் பேசிக்கிட்டோம். அப்புறம் அவருக்கு வெளியூர்ல வேலை கிடைச்சுது. ஒரு மாசத்துல வந்து எங்க வீட்ல பேசறேன்னு சொன்னாரு. அவர் ஏறின வண்டியை நான்தான் மைக்ல அறிவிச்சேன். பன்னிரண்டு பத்து வண்டி புறப்படுகிறதுன்னு சொன்னேன். போனவர் வரல. ஒவ்வொரு வண்டி வரும்போதும் நம்பரைச் சொல்லிட்டு, இறங்கறவங்களைப் பார்ப்பேன். மூணு வருஷம் பார்த்தேன். ஒரு நாள் பார்க்காமலேயே அறிவிச்சிருக்கேன். சாயங்காலம்தான் அது ஞாபகம் வந்துது. அவர் வராததுக்கு நான் அழல. பார்க்க மறந்துட்டேனேன்னு அன்னிக்குத்தான் அழுதேன்."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பெண் காய்கறி வாங்கிய கதையைக்கூட என்னிடம் ஒரு மணி நேரம் சொல்லுவாள். இதைச் சொன்னதில்லை.

ஆய்வாளர் அம்மாள் புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "வானிலை?"

"வெயில். உச்சி வெயில்."

பேனா நான்கு கட்டங்களுக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது. "தூறலாவது?"

"இல்லைங்க."

"கடிதம்? குடை? அவர் விட்டுட்டுப் போன சட்டை?"

"ஒண்ணும் இல்லைங்க. டிக்கெட்டைக்கூட அவரே கொண்டுபோயிட்டாரு."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். "உணர்ச்சி இருக்கும்மா, இல்லைன்னு சொல்லல. சூழல் இல்ல. பஸ் நிலையம்னா இரைச்சல், புகை, கடலைக்காரன். ரயில் நிலையமா இருந்திருந்தா பரிசீலிக்கலாம். அதுவும் அழுகையைப் பாருங்க, மூணு வருஷம் தாமதம். ஆல்பத்துல எங்க கொண்டுபோய் வைக்கறது? நிராகரிக்கிறோம்."

நிராகரிப்பு என்று முத்திரை குத்தி, அதற்கும் ஒரு நகல் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்துப் போடவில்லை. அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு தருவதாக இயக்குநர் சொன்னார்.

பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அவள் டீ போட்டாள். குடித்தோம். அந்த அமைதியில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டப்... டப்... டப்.

எங்கள் சமையலறைக் குழாய். இரண்டு வருடமாக ஒழுகுகிறது. வாஷர் மாற்றச் சொல்லி அவள் தினமும் சொல்லுவாள்; ஊர்க் குழாயெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவன் வீட்டுக் குழாயை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பொறுத்துப் பார்த்து, தண்ணீர் தெறிக்காமல் இருக்க அவளே ஒரு துணிக் கிழிசலைக் குழாயின் கழுத்தில் சுற்றிக் கட்டியிருந்தாள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்தைந்து. தொட்டிக்கு அடியிலிருந்த வால்வைக் கால் திருகு குறைத்தேன். நாற்பத்திரண்டு.

"என்னங்க பண்றீங்க?"

"வாஷர் மாத்தப் போறேன்" என்றேன். குழாயையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் புதுக் குழாய் ஒன்றை மாட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்கு ஒரு கழகம் வர வேண்டியிருந்துதா?"

மறுநாள் அதைக் கழகத்துத் தொட்டியில் பொருத்தி, அடி வால்வைத் திருகிச் சொட்டை எண்ணிச் சரிசெய்தேன். மூவரும் வந்தார்கள். இந்தத் தடவை பாடகியும் வந்தாள்.

டப்... டப்... டப்.

ஆய்வாளர் அம்மாள்தான் முதலில் அழுதார். ஒலிப்பதிவாளர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். இயக்குநர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இது தனியா வாழ்ந்த குழாய்" என்றார் தழுதழுத்த குரலில். "இது இருந்த வீட்ல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வேளை சாப்பிட்டிருக்க மாட்டாங்க. ஒரு சிரிப்புச் சத்தத்தைக் கேட்காத குழாய். நல்லாத் தெரியுது." அப்போதுதான் கழுத்தில் இருந்த துணியைப் பார்த்தார். அவிழ்க்க மறந்திருந்தேன். "பாருங்க, காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்காங்க. யாரோ ஒரு தனிமையான கை."

பாத்திரம் கழுவுகிற சோப்பு அந்தத் துணியில் காய்ந்து ஒட்டியிருந்தது. பாடகி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிப் போய் மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். மிச்சம் நான்கு பாட்டையும் அன்று சாயங்காலத்துக்குள் பாடி முடித்து, ஸ்வெட்டரைக் கழற்றி இயக்குநரின் மேசைமேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதாகக் காவலாளி பிறகு சொன்னார்.

புகாரைத் திரும்பப் பெற்ற கடிதம் வந்தது. உரிமம் புதுப்பிக்கப்பட்டது. நல்லபடியாக முடிந்தது, காவலாளிக்கு மட்டும் இல்லை. அவருடைய நாற்காலிமேல் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. துண்டுக்குப் பதில் கழகம் அவருக்கு ஒரு குடை கொடுத்தது. மூன்று மாதம் கழித்து ஆல்பம் வெளிவந்தபோது அட்டைப் படத்தில் அவர்தான் இருந்தார்: வீட்டுக்குள்ளே குடை பிடித்தபடி தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். உள்ளே சின்ன எழுத்தில் 'ஒழுகல்: இயக்குநரின் நேரடித் துயர மேற்பார்வையில்' என்று போட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட பாத்திரங்கள் தொட்டியில் கிடக்க, என் மனைவி அந்த ஆல்பத்தைப் போனில் ஓடவிட்டாள். எட்டாவது பாட்டு. அந்தப் பெண் யாரையோ நினைத்து, அல்லது யாரையும் நினைக்காமல், உருகி உருகிப் பாடினாள். என் மனைவி அவள் குரலுக்குக் காது கொடுக்கவே இல்லை. பாட்டுக்குப் பின்னால் கேட்டதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம குழாய்ங்க" என்றாள். "அந்தப் பொண்ணு யாருக்காக அழறாளோ. பின்னாடி கேக்குறது நம்ம வீடு."

ஆமாம் என்றேன். ஜன்னல் வழியாக உச்சி வெயில் சமையலறைத் தரையில் விழுந்திருந்தது. மூன்று மாதமாகக் கேட்காமல் தள்ளிக்கொண்டே வந்த கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. நாலாம் நம்பர் வண்டியில் வந்தவரின் பேர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை, எப்படி இருப்பார் என்றும் தோன்றவில்லை. அந்தப் படிவத்தில் இல்லாத ஐந்தாவது கட்டம்தான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

"அன்னிக்கு... ரொம்ப வெயிலா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் கண் நிறைந்துவிட்டது.

"ரொம்ப" என்றாள். "தார் உருகிச் செருப்புல ஒட்டிக்கிச்சுங்க. அவர் கையாட்டினாரு. எனக்குக் கண்ணு கூசி, சரியாவே தெரியல."

நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் பேசினாள். பாட்டு முடிந்த பிறகும் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். புதுக் குழாய் ஒரு சொட்டுகூட விடவில்லை.